1,150 ஹெர்ட்ஸை வந்தடைந்த வழி

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், அடித்தொனிக்கான 15 அங்குல வூஃபர், மேல்தொனிக்காக 1 அங்குலத் துளை வழியாக ஒலியை வெளிவிடும் கம்ப்ரஷன் டிரைவர், அதன் முன்னால் திருகிப் பொருத்தும் 90 பாகைக்கு 40 பாகை ஹார்ன் ஆகியவற்றைக் கொண்டு, கோயம்புத்தூரில் என் வீட்டிலேயே ஒரு ஜோடி இருவழி ஒலிபெருக்கிகளைச் செய்யத் தொடங்கினேன். பெட்டிகளை 18 மி.மீ. பிளைவுட்டில் எங்கள் தெரு ஆசாரி செய்து தந்தார். பெட்டியின் கன அளவு, காற்றுக்குழாயின் நீளம் ஆகிய கணக்குகள் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டன. வூஃபர் எந்த அதிர்வெண்ணில் விட்டுக்கொடுக்க வேண்டும், ஹார்ன் எந்த அதிர்வெண்ணில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே ஓர் எண்ணைத் தீர்மானிக்க மட்டும் எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்த எண்ணை ஒருமுறை மிக மேலேயும் மறுமுறை மிகக் கீழேயும் வைத்துத் தவறு செய்தேன். அந்த இரண்டு தவறுகளும் கற்றுத் தந்தவற்றை, இதே வேலையில் இறங்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

ஹார்ன் என்றாலே நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது கோயில் கோபுரத்திலும் தேர்தல் வாகனத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் கரகரப்புதான். ஆனால் ஹார்ன் என்ற அமைப்பிலேயே அந்தக் கரகரப்பு இருப்பதாக நான் நம்பவில்லை. டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடான சிறிய டயஃப்ரம் ஒன்றின் அசைவை அறையின் காற்றோடு திறமையாகப் பிணைக்கும் படிப்படியான விரிவுதான் ஹார்ன். அந்தப் பிணைப்பு இருப்பதால், ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 107 டெசிபல் அளவுக்கு ஒலி எழும். என் வூஃபருக்கு அதே கணக்கில் 96 டெசிபல்தான். நாதஸ்வரமும் தவிலும் நேரில் ஒலிக்கும்போது உள்ள திடீர் எழுச்சியைச் சிறிய ஒலிபெருக்கிகள் அழுத்திக் குறைத்துவிடுகின்றன என்பது என் அப்பாவின் நீண்ட நாள் மனக்குறை. அதைத் தீர்க்கத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதல் தவறு மேலே போனது. ஒலியை அதிர்வெண்படி வூஃபருக்கும் ஹார்னுக்கும் பிரித்தனுப்பும் ஆயத்த கிராஸ்ஓவர் பலகை ஒன்று கடையில் கிடைத்தது, அது 2,000 ஹெர்ட்ஸில் பிரிப்பதாக எழுதப்பட்டிருந்தது. வூஃபரின் தரவுத்தாளில் அதன் வரைபடம் 2,500 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறையச் சமமாக நீண்டிருந்தது. டிரைவரின் தரவுத்தாளில் குறைந்தபட்ச கிராஸ்ஓவர் 1,200 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. ஆகவே 2,000 இரண்டுக்கும் பாதுகாப்பானது என்று முடிவு செய்து, பலகையை அப்படியே பொருத்தி, சோபாவின் நடுவில் அமர்ந்து கேட்டேன். குறை சொல்ல எதுவும் இல்லை. பாடகரின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் தெளிவாக நின்றது.

அப்பா எப்போதும் அமர்வது சன்னலோரத்துச் சாய்வு நாற்காலியில். அது வலப்பக்கப் பெட்டியின் நேர்க்கோட்டிலிருந்து சுமார் 40 பாகை விலகி இருக்கிறது. ஒரு வாரம் கேட்டபின் அவர் சொன்னார்: "நேரா உக்காந்தா நல்லாத்தான் இருக்குது கண்ணு. இங்கிருந்து கேட்டா பாடறவங்க வாயில துண்டைப் போட்டு மூடுன மாதிரி இருக்குது." நான் அந்த நாற்காலியில் அமர்ந்து கேட்டபோது அவர் சொன்னது அப்படியே உண்மை என்பது தெரிந்தது. அடித்தொனி இருந்தது, ஜால்ராவின் மினுக்கமும் இருந்தது, இரண்டுக்கும் நடுவே குரலின் உடல் மட்டும் காணாமல் போயிருந்தது.

காரணம் தரவுத்தாளில் இல்லாத ஒன்று. தரவுத்தாள் காட்டும் வரைபடம் வூஃபருக்கு நேர் எதிரே மைக்கை வைத்து எடுத்தது. ஒலியின் அலைநீளம் கூம்புத்தாளின் விட்டத்தைவிடச் சிறிதாகச் சிறிதாக, வூஃபர் ஒலியை எல்லாப் பக்கமும் பரப்பாமல் டார்ச் விளக்கு போல முன்னோக்கிக் குவிக்கத் தொடங்குகிறது. 15 அங்குல வூஃபரில் உண்மையில் அசையும் பரப்பின் விட்டம் ஏறத்தாழ 33 செ.மீ. ஒலி காற்றில் வினாடிக்கு 344 மீட்டர் செல்வதால், 2,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 17.2 செ.மீ., அதாவது அந்த விட்டத்தில் ஏறக்குறையப் பாதி. தட்டையான வட்டத் தகட்டுக்கான கணக்கைப் போட்டால், நேர்க்கோட்டில் உள்ள அளவைவிட 6 டெசிபல் குறையும் எல்லைகளுக்கு இடையே வூஃபர் 2,000 ஹெர்ட்ஸில் பரப்பும் கோணம் வெறும் 43 பாகைதான். இன்னும் மோசம் என்னவென்றால், நேர்க்கோட்டிலிருந்து 40 பாகை விலகிய இடத்தில் வூஃபரின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வரும் 2,000 ஹெர்ட்ஸ் அலைகள் கணக்குப்படி ஒன்றையொன்று முற்றிலும் அழித்துக்கொள்கின்றன. கூம்புத்தாள் தகடு அல்ல என்பதால் நடைமுறையில் முழுமையாக அழியாது, ஆழமான பள்ளம் விழும். அப்பாவின் நாற்காலி சரியாக அந்தப் பள்ளத்தில் இருந்தது. அதே 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்ன் தன் 90 பாகை அகலத்தோடு பொறுப்பேற்றுக்கொண்டதால், மேல்தொனி மட்டும் அவருக்குக் குறைவின்றிக் கேட்டது.

நேர் எதிரே அமர்ந்து கேட்பவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நான் பிறகே புரிந்துகொண்டேன். நம் காதை அடையும் ஒலியில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. பக்கவாட்டில் போகும் ஒலியில் 1,200 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை பள்ளம் இருந்தால், சுவரிலிருந்து திரும்பும் ஒலியிலும் அதே பள்ளம் இருக்கும். நடு சோபாவில் முதல் வாரம் தெரியாத ஒருவிதச் சோர்வு இரண்டாம் மாதத்தில் எனக்கும் தெரியத் தொடங்கியது.

இரண்டாவது தவறு கீழே போனது, அதற்குப் பணமும் செலவானது. 1945இல் ஆல்டெக் லான்சிங் நிறுவனம் திரையரங்குகளுக்காகக் கொண்டுவந்த 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையைப் பற்றி அப்போது மிகுந்த ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருந்தேன். அவ்வரிசையின் ஏ7 ஒலிபெருக்கி 15 அங்குல வூஃபரை 811 என்ற ஹார்னோடு 800 ஹெர்ட்ஸிலும், ஏ7-500 என்ற வகை 511 என்ற பெரிய ஹார்னோடு 500 ஹெர்ட்ஸிலும் இணைத்தது. அவற்றில் பயன்பட்ட டிரைவரின் டயஃப்ரம் விட்டம் 44 மி.மீ., என் டிரைவரில் உள்ளதும் அதே 44 மி.மீ. அளவு ஒன்றாக இருக்கும்போது 800 ஹெர்ட்ஸ் என்னுடையதற்கும் ஒத்துவரும் என்று வாதிட்டுக்கொண்டு, கிராஸ்ஓவர் வேலையை எண்முறையில் செய்யும் டிஎஸ்பி கருவி ஒன்றும் இன்னொரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கி, எட்டுச்சுரத்துக்கு (அதாவது அதிர்வெண் இரு மடங்காகும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் குறையும் சரிவில் 800 ஹெர்ட்ஸை அமைத்தேன். வீட்டில் மெதுவாகக் கேட்டபோது அருமையாக இருந்தது. அப்பாவின் நாற்காலியிலிருந்த துண்டும் விலகிவிட்டது.

பொங்கலன்று தெருப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்காகப் பெட்டிகளை வாசலில் வைத்தோம். ஒரு மணி நேரம் உரத்து ஒலித்தபின், இடப்பக்க ஹார்னிலிருந்து காகிதம் கிழிவது போன்ற ஒலி ஒவ்வொரு தவில் அடிக்கும் வந்தது. மறுநாள் டிரைவரின் பின்மூடியைக் கழற்றி டயஃப்ரமை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டைட்டானியக் குமிழ் பார்வைக்குக் குறையின்றி இருந்தது. அதைச் சுற்றியுள்ள விளிம்பு மடிப்பில் தலைமுடி போன்ற ஒரு விரிசல் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடியது. அதன் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று தொடங்கியிருந்தது.

டிரைவரின் மேல் தவறில்லை, தவறு என் வாதத்தில் இருந்தது. ஹார்ன் தன் வெட்டு அதிர்வெண்ணுக்கு மேலே டயஃப்ரமின் முன் ஒரு சுமையை வைக்கிறது, அந்தச் சுமைதான் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சுமை இருக்கும் வரை, அதே உரப்புக்கு அதிர்வெண் பாதியானால் டயஃப்ரமின் அசைவு இரு மடங்காகிறது. வெட்டு அதிர்வெண்ணுக்குக் கீழே சுமை விலகிவிடுவதால், ஒலி வெளியே வராமல் அசைவு மட்டும் கூடிக்கொண்டே போகும். ஆல்டெக்கின் ஹார்ன்கள் 800க்கும் 500க்கும் என்றே வடிவமைக்கப்பட்ட, அகன்ற வாயுள்ள பெரிய ஹார்ன்கள். என் ஹார்னின் வாய் 12 அங்குலத்துக்கு 8 அங்குலம்தான், அதன் விரிவைக் கொண்டு கணக்கிட்டால் வெட்டு அதிர்வெண் 650 ஹெர்ட்ஸுக்கு அருகில் வருகிறது. 800 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் சரிவு வைத்தால், ஓர் எட்டுச்சுரம் கீழே 400 ஹெர்ட்ஸில் மின்சமிக்ஞை 14 டெசிபல்தான் குறைந்திருக்கும். அந்த 400 ஹெர்ட்ஸில் என் டயஃப்ரமுக்கு முன்னால் சுமை எதுவும் இல்லை. டயஃப்ரமுக்கும் அதன் எதிரே ஒலியைத் துளைக்கு வழிநடத்தும் ஃபேஸ் பிளக்குக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் என்பதை நினைத்தால், அது ஒரு மணி நேரம் தாங்கியதே பெரிது.

ஆகவே கீழெல்லையைத் தேடும்போது டிரைவரின் தரவுத்தாளை மட்டும் படிப்பது போதாது என்று உறுதியாகச் சொல்வேன். எந்த ஹார்னோடு, எந்தச் சரிவோடு, எவ்வளவு உரப்பில் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் கீழெல்லை. ஹார்னின் வெட்டு அதிர்வெண்ணிலிருந்து ஓர் எட்டுச்சுரம் மேலே, அதாவது இரு மடங்கில், கிராஸ்ஓவரை வைப்பது பழைய வழக்கம். சரிவு 24 டெசிபலாக இருந்தால் அதைவிடச் சற்று இறங்கலாம், ஏனெனில் அப்போது ஓர் எட்டுச்சுரம் கீழே சமிக்ஞை 24 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடும். என் ஹார்னுக்கு இரு மடங்கு என்றால் 1,300 ஹெர்ட்ஸ். செங்குத்தான சரிவோடு 1,100 வரை இறங்கலாம் என்று கணித்தேன். அதற்குக் கீழே வேண்டுமென்றால் வேறு ஹார்ன் வாங்க வேண்டும்.

மேலெல்லையை வூஃபரின் பரவல் தீர்மானிக்கிறது. முன்பு சொன்ன தகட்டுக் கணக்கையே திருப்பிப் போட்டு, 15 அங்குல வூஃபர் எந்த அதிர்வெண்ணில் 90 பாகைக்குச் சுருங்குகிறது என்று கேட்டால் விடை சுமார் 1,040 ஹெர்ட்ஸ். 1,150 ஹெர்ட்ஸில் அது 80 பாகையாகவும், 2,000 ஹெர்ட்ஸில் 43 பாகையாகவும் சுருங்கிவிடுகிறது. ஹார்னுக்கும் இதே கேள்வி உண்டு, அது எந்த அதிர்வெண்ணிலிருந்து தன் பெயர்ப்பலகையில் உள்ள 90 பாகையைக் காக்கிறது? இதற்கு 1975இல் ஒலிபெருக்கிப் பொறியாளர் டி. பி. கீல் தம் ஆய்வுரையில் தந்த எளிய வாய்பாடு இன்றும் பயன்படுகிறது. ஹார்னின் கோணத்தைப் பாகையிலும் வாயின் அகலத்தை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, பத்து லட்சத்தை அந்தத் தொகையால் வகுத்தால், அதற்கு மேலே ஹார்ன் அந்தக் கோணத்தைக் காக்கும் அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். என் ஹார்னின் அகலம் 12 அங்குலம், கோணம் 90 பாகை, ஆகவே 926 ஹெர்ட்ஸ். வூஃபரின் 1,040உம் ஹார்னின் 926உம் இவ்வளவு நெருங்கி வந்ததைத் தாளில் கண்ட மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த இரண்டு எண்களுக்கு அருகே, அதே சமயம் டிரைவருக்குப் பாதுகாப்பான இடத்தில், என் விடை இருக்க வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது. கீல் பின்னர் வடிவமைப்பில் பங்கேற்ற, ஜேபிஎல் நிறுவனத்தின் 4430 என்ற ஒலிப்பதிவுக்கூட ஒலிபெருக்கி 15 அங்குல வூஃபரையும் அகன்ற ஹார்னையும் 1,000 ஹெர்ட்ஸில் இணைத்ததும் தற்செயல் அல்ல.

செங்குத்துத் திசையில் அதே வாய்பாடு நல்ல செய்தி சொல்லவில்லை. 8 அங்குல உயரம், 40 பாகை என்றால் 3,125 ஹெர்ட்ஸ். அதாவது 3,125க்குக் கீழே என் ஹார்ன் மேலும் கீழும் 40 பாகையைக் காக்காமல் விரிந்துவிடுகிறது. இதற்கு உயரமான வாயுள்ள ஹார்ன்தான் தீர்வு, என் பெட்டியின் மேல் அதற்கு இடமில்லாததால் இதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் செங்குத்தில் இன்னொரு விஷயம் கிராஸ்ஓவர் எண்ணோடு நேரடியாகத் தொடர்புடையது. என் வூஃபரின் மையத்துக்கும் ஹார்னின் மையத்துக்கும் இடையே 32 செ.மீ. இருக்கிறது. கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்து ஒலிப்பதால், கேட்பவரின் தலை மேலே போகப் போக இரண்டிலிருந்தும் வரும் பாதைகளின் நீளம் வேறுபட்டு, ஒரு கோணத்தில் அவை ஒன்றையொன்று அழிக்கும். 2,000 ஹெர்ட்ஸில் அந்தக் கோணம் 16 பாகைக்குச் சற்றே குறைவு, 1,150இல் 28 பாகை. மூன்று மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவர் எழுந்து நின்றால் காது சுமார் 11 பாகை மேலே போகிறது. 2,000 ஹெர்ட்ஸில் வைத்திருந்தபோது எழுந்து நின்றாலே குரல் நிறம் மாறியதற்கு இதுதான் காரணம்.

கணக்கு இவ்வளவு சொன்னாலும் அளக்காமல் நம்ப மனம் வரவில்லை. டயஃப்ரம் மாற்றிய பின், அடுத்த மார்கழியில் ஒரு பெட்டியைப் பக்கத்து வீட்டுத் தம்பியின் துணையோடு மொட்டை மாடிக்கு ஏற்றினேன். பழைய சுழல் நாற்காலியின் அடிப்பாகத்தை இரண்டு மேசைகளின் மேல் பொருத்தி, பெட்டியை அதில் அமர்த்தி, ஒலியின் மையம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி செய்தேன். மேசைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் பத்துப் பாகைக்கு ஒரு கோடு போட்டேன். மைக்கை 2 மீட்டர் தள்ளி அதே உயரத்தில் நிறுத்தினேன். இந்த அமைப்பில் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியைவிட 4.7 மில்லிவினாடி தாமதமாக வந்துசேர்கிறது. அதற்கு முன் வந்ததை மட்டும் வெட்டி எடுத்தால் 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட விவரங்களை நம்பலாம், கிராஸ்ஓவர் வேலைக்கு அது தாராளம். மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கும் ஆர்ஈடபிள்யூவையே பயன்படுத்தினேன். காற்று அசையாத நேரம் விடியற்காலைதான். ஐந்தரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும் என்பதால், மூன்று நாட்கள் நான்கு மணிக்கே மாடியேறி, கோட்டுக்குக் கோடு பெட்டியைத் திருப்பி, வூஃபரைத் தனியாகவும் ஹார்னைத் தனியாகவும் எந்தப் பிரிப்பானும் இன்றிக் குறைந்த உரப்பில் அளந்தேன். ஹார்னை அளக்கும்போது அதிர்வெண் கீழிருந்து மேலே ஏறும் ஸ்வீப் சமிக்ஞையை 500 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்கினேன். டிரைவரோடு தொடராக 33 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றையும் வைத்தேன். ஆம்ப்ளிஃபயரை இயக்கும்போது எழும் 'டப்' என்ற அடியிலிருந்து காக்க, ஆம்ப்ளிஃபயரோடு நேரடியாக இணைந்த எந்த கம்ப்ரஷன் டிரைவருக்கும் இப்படி ஒரு கண்டென்சர் அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் நாள் 40 பாகையில் எடுத்த வூஃபர் கோட்டையும் ஹார்ன் கோட்டையும் ஒரே திரையில் போட்டுப் பார்த்தேன். 900க்கும் 1,200க்கும் இடையே இரண்டும் நேர்க்கோட்டு அளவிலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு கீழிறங்கியிருந்தன. 1,300ஐத் தாண்டியதும் வூஃபரின் கோடு சரிவில் விழத் தொடங்கியது. ஹார்னின் கோடு தன் இடத்தில் நின்றது. நான் பார்க்க வேண்டியிருந்த படம் அதுதான். நேர் எதிரே எடுத்த இரண்டு கோடுகளை மட்டும் வைத்திருந்தால் 900 முதல் 2,500 வரை எங்கு வெட்டினாலும் பொருந்துவதாகவே தோன்றியிருக்கும்.

டிஎஸ்பி கருவியில் 900, 1,000, 1,150, 1,300, 1,600 என ஐந்து அமைப்புகளைச் சேமித்து, ஒவ்வொன்றிலும் உரப்பைச் சமமாக்கி, 24 டெசிபல் சரிவில் இரண்டு வாரங்கள் கேட்டோம். எந்த எண் ஓடுகிறது என்று அப்பாவிடம் சொல்லவில்லை. 1,600ஐ ஒவ்வொரு முறையும் அவர் சன்னலோரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். பெண் குரலைக் காட்டிலும் வயலினில் அது விரைவில் தெரிந்தது. 900 மெல்லிய ஒலியில் மற்றவற்றுக்குச் சளைக்கவில்லை. உரத்து வைத்து நாதஸ்வரம் கேட்டால் ஒரு கடுமை ஏறியது. 1,000, 1,150, 1,300 ஆகிய மூன்றுக்கும் இடையே அவரும் நானும் உறுதியாக வேறுபாடு சொல்ல முடியவில்லை. இது ஏமாற்றமாக இல்லை, பெரிய நிம்மதியாக இருந்தது. எல்லைகள் இரண்டையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் அவற்றுக்கு இடையே 100 ஹெர்ட்ஸ் இங்கும் அங்கும் நகர்வதைப் பற்றி உறக்கம் கெட வேண்டியதில்லை. டயஃப்ரமின் நலனுக்காக 1,000ஐயும், பக்கவாட்டுப் பரவலுக்காக 1,300ஐயும் விட்டு, நடுவிலிருந்த 1,150ஐ எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையின் முதல் நான்கு நாட்கள் வீணாயின. ஹார்னின் உரப்பு 2 டெசிபல் கூடுதலாக இருந்ததைக் கவனிக்காமல், கேட்ட கூர்மைக்கு எல்லாம் கிராஸ்ஓவர் எண்ணைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். உரப்பு சரியாக அமையாத வரை அதிர்வெண்ணைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் நம்பத்தக்கதல்ல.

அடுத்து, இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். ஹார்னின் பின்னால் இருக்கும் டயஃப்ரம் வூஃபரின் ஒலிமையத்தைவிட 11 செ.மீ. பின்தங்கியிருந்தது. 1,150 ஹெர்ட்ஸின் அலைநீளம் 30 செ.மீ. என்பதால், அது அலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தாமதம். டிஎஸ்பியில் வூஃபருக்கு 0.32 மில்லிவினாடி தாமதம் கொடுத்தால் போதும். ஆனால் இறுதியில் கருவியில்லாமல் காயிலும் கண்டென்சரும் கொண்ட சாதாரணக் கிராஸ்ஓவராகவே வைத்துக்கொள்ள விரும்பினேன். அதனால் ஹார்னைப் பெட்டிக்குள் பொருத்தாமல் மேலே ஒரு பலகையில் முன்னும் பின்னும் நகரும்படி அமைத்தேன். ஹார்னின் இணைப்புக் கம்பிகளை மாற்றிப் போட்டு, 1,150 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனியை ஓடவிட்டு, மைக்கின் முன் ஒலி எங்கே மிகக் குறைகிறது என்று பார்த்துக்கொண்டே ஹார்னை அரை செ.மீ. அரை செ.மீ. ஆக முன்னால் தள்ளினேன். வாய் பெட்டியின் முகப்பைவிட 10 செ.மீ. வெளியே வந்தபோது தொனி ஏறக்குறைய மறைந்தது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கம்பிகளைப் பழையபடி மாற்றினால், அங்கேதான் இரண்டும் மிக நன்றாகக் கூடுகின்றன. பக்கத்து அதிர்வெண்களிலும் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஒற்றைத் தொனியில் மட்டும் பார்த்தால் ஒரு முழு அலை தள்ளிய இடமும் சரியானது போலத் தோன்றும்.

காயிலுக்குப் பாடநூல் வாய்பாட்டில் 8 ஓம், 1,150 ஹெர்ட்ஸ் என்று போட்டால் 2.2 மில்லிஹென்றியும், கண்டென்சருக்கு 8.7 மைக்ரோஃபாரடும் வருகின்றன. 8 ஓம் என்று எழுதியிருக்கும் வூஃபர் 1,150 ஹெர்ட்ஸில் 13 ஓம் காட்டியது என்பதால், அந்த வாய்பாட்டின் விடையைத் தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டும். வூஃபருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரும் கண்டென்சரும் தொடராக வைத்து அந்த ஏற்றத்தைச் சமன் செய்தேன். ஹார்ன் பக்கத்தில் 10 டெசிபல் குறைக்க 5.5 ஓம் தொடராகவும் 3.7 ஓம் இணையாகவும் வைத்ததில் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. டிரைவர் தன் ஒத்ததிர்வில் 25 ஓமுக்கு ஏறினாலும், இந்த இரண்டு ரெசிஸ்டர்களின் வழியாகக் கிராஸ்ஓவர் காண்பது 8.7 ஓம் மட்டுமே. மற்ற இடங்களில் அது 8 ஓம். தொடர் ரெசிஸ்டரின் குறுக்கே ஒரு சிறிய கண்டென்சர், அகன்ற ஹார்ன்களில் உச்சத் தொனி தேய்ந்து போவதை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஒவ்வொரு உறுப்பையும் மாற்றியபின் மாடியில் மீண்டும் அளந்தேன். கணக்கில் வேண்டியது மின்சுற்றின் சரிவல்ல, காற்றில் வந்துசேரும் ஒலியின் சரிவு. 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் என் வூஃபரின் இயல்பான இறக்கமும் சேர்ந்துகொள்வதால், அங்கே 12 டெசிபல் சுற்றே ஏறக்குறைய 24 டெசிபலாக முடிந்தது. ஹார்ன் பக்கத்துக்கு 18 டெசிபல் சுற்றுத் தேவைப்பட்டது.

காயிலைச் சுற்றித் தந்தது பம்புசெட் மோட்டார்களுக்கு வைண்டிங் செய்யும் கடைக்காரர் ஒருவர். "ஏனுங்க, உள்ள கோர் ஒண்ணும் வெக்காம வெறும் பாபின்லயா சுத்தறது?" என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். "ஆமாங்கண்ணா, இரும்பு வெச்சா உரக்கப் பாடும்போது சத்தம் கெட்டுப்போகுதுங்க" என்றதும், 18 கேஜ் தாமிரக் கம்பியைச் சுற்றுக்கு மேல் சுற்று நெருக்கி, இடையிடையே வார்னிஷ் தடவி, கையில் கல் போல இருக்கும்படி செய்து தந்தார். கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுற்றச் சொல்லி, வீட்டில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சுற்றுகளை அவிழ்த்தேன். காயிலின் தூண்டல் மதிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே நூற்றுக்கு ஐந்து சுற்று அவிழ்த்தால் மதிப்பு நூற்றுக்குப் பத்து குறையும். காயிலின் மின்தடை 0.7 ஓம் வந்தது. அதனால் வூஃபர் ஏறக்குறைய 0.7 டெசிபல் இழக்கிறது, ஹார்னின் குறைப்பையும் அதே அளவு கூட்டிக்கொண்டேன்.

இப்போது என் சித்தப்பா மகன் 12 அங்குல வூஃபரோடு இதே போல ஒன்று செய்யக் கேட்டிருக்கிறான். 12 அங்குலத்தில் அசையும் விட்டம் 26 செ.மீ. என்பதால், 90 பாகைக்குச் சுருங்கும் இடம் 1,300 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடுகிறது. அவனுடைய ஹார்னின் வாய் எட்டரை அங்குல அகலம் இருந்தாலே 90 பாகையை அங்கே காக்கும், அதே 44 மி.மீ. டிரைவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். வூஃபரை வாங்கிவிட்டான். ஹார்னை வாங்குமுன் அளவுநாடாவோடு கடைக்குப் போய் வாயின் அகலத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், உயரம் 10 அங்குலத்துக்குக் குறையாமல் கிடைத்தால் என் பெட்டியில் செங்குத்தில் நான் விட்டுக்கொடுத்ததில் ஒரு பகுதியையாவது அவன் மீட்டுக்கொள்ளலாம்.